ஸ்மோக்கி ஐ: கறுப்பைக் குறைத்து பிளெண்டிங்கைக் கூட்டுங்கள்

ஸ்மோக்கி ஐ போடுகிறேன் என்று கறுப்பு ஐ ஷேடோவை எடுத்து இமை முழுக்க அப்பிவிட்டு, கடைசியில் கண்ணாடியைப் பார்த்தால் யாரோ குத்துவிட்ட கண் மாதிரி வீங்கித் தெரிகிறது என்று புலம்புபவர்கள் நிறைய. கறுப்பு மேல் குற்றமில்லை. அது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினை. இமை முடியின் வேரில் நல்ல அடர்த்தியாகத் தொடங்கி, மேலே போகப் போக மங்கி, புருவத்துக்குக் கீழே வரும்போது எங்கே காணாமல் போனது என்றே சொல்ல முடியாதபடி இருந்தால் அது ஸ்மோக்கி ஐ. கோடு தெரிந்தால் இல்லை. இப்படி விளிம்பு தெரியாமல் நிறத்தைக் கலைத்துவிடுவதுதான் பிளெண்டிங்.

அப்படியானால் கறுப்புக்கும் உங்கள் தோல் நிறத்துக்கும் நடுவில் ஆள் வேண்டும். மினுமினுப்பு இல்லாத மேட் ஷேடோவில் மூன்று நிறம் போதும்: தோலைவிட ஓரிரு படி அடர்ந்த ஒரு பிரவுன், அதைவிட அடர்ந்த காபிக்கொட்டை நிறம், கறுப்பு. மாநிறமும் கருநிறமும் உள்ளவர்கள் முதல் பிரவுனைப் பார்த்து எடுங்கள். பல நிற ஷேடோ சேர்ந்த பேலட்டில் இருக்கும் வெளிர் பழுப்பும் சாம்பல் கலந்த பிரவுனும் நம் தோலில் விபூதி பூசினாற்போல வெளுத்துத்தான் நிற்கும். செங்கல் நிறம், செம்மண் நிறம் என்று கொஞ்சம் சிவப்பு ஓடும் பிரவுன்தான் சரியாக உட்காரும். இவை தவிர ஒரு மென்மையான காஜல் பென்சில், மஸ்காரா, பஞ்சு சுற்றிய குச்சிகள் சில. பிரஷ் இரண்டு இருந்தால் போதும், ஒன்று புசுபுசுவென்று, இன்னொன்று சின்னதாக, அடர்த்தியாக. பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட் வாங்கியவர்கள் பாவம், பத்து சும்மா கிடக்கும்.

முதலில் கண், அப்புறம்தான் ஃபவுண்டேஷன். அடர் நிற ஷேடோவின் தூள் கன்னத்தில் கொட்டாமல் இருக்காது, ஃபவுண்டேஷன் போட்ட பிறகு கொட்டினால் துடைக்கத் துடைக்க அழுக்காகும். வெறும் தோலில் என்றால் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஷேடோ நகராமல் பிடித்து வைக்கும் ஐ பிரைமரை இமையில் தடவுங்கள். இல்லையா, கருவளையத்தை மறைக்கப் போடும் கன்சீலரை மிக மெல்லியதாகத் தடவி, மேலே கொஞ்சம் பவுடரை ஒற்றிவிடுங்கள். எண்ணெய் வழியும் இமை உள்ளவர்கள் இதை விட்டால் சில மணி நேரத்தில் ஷேடோ மொத்தமும் மடிப்பில் போய்ச் சேர்ந்து கோடாகிவிடும். முகத்துக்குப் போடும் மாய்ஸ்சரைசரை இமையில் தடவிவிட்டு உடனே ஷேடோ போடாதீர்கள், திட்டுத்திட்டாக ஒட்டும்.

இப்போது முதல் பிரவுன். புசுபுசு பிரஷ்ஷில் தொட்டு, ஒரு தட்டுத் தட்டி உதறிவிட்டு, இமை மடிப்பில் கார் வைப்பர் மாதிரி இப்படியும் அப்படியும் லேசாக ஓட்டுங்கள். பிரஷ்ஷின் கழுத்தைப் பிடிக்காமல் கைப்பிடியின் கடைசியில் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். கண்ணைத் திறந்தால் இமை உள்ளே மறைந்துபோகிறவர்கள் மடிப்பிலேயே போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. நேராகக் கண்ணாடியைப் பார்த்து, கண் திறந்திருக்கும்போதே, மடிப்புக்குச் சற்று மேலே போடுங்கள். இந்த நிறம் ரொம்ப வெளிறித்தான் தெரியும், "இது எதற்கு" என்று தோன்றும். பின்னால் வரும் கறுப்பு வந்து கரைய வேண்டிய இடம் இதுதான், விட்டுவிடாதீர்கள்.

அடுத்து காஜல். மேல் இமையில், முடியின் வேரை ஒட்டித் தடிமனாகக் கிறுக்குங்கள். அழகாக இழுக்க வேண்டியதே இல்லை, எப்படியும் கலைக்கத்தான் போகிறோம். ஆனால் ஒரு கண்ணில் போட்டு, கலைத்து முடித்த பிறகே அடுத்த கண்ணுக்குப் போங்கள், ஏனென்றால் வாட்டர்புரூஃப் பென்சில்கள் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறுகிவிடும், இறுகியதைத் தேய்த்தால் இமைதான் சிவக்கும். சின்ன பிரஷ்ஷை வைத்துக் கோட்டின் மேல் விளிம்பை மட்டும் சின்னச் சின்னதாக மேலே இழுத்துவிடுங்கள். கீழ் விளிம்பு, அதாவது முடியை ஒட்டிய பகுதி, அப்படியே கறுத்து இருக்கட்டும்.

அது கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே காபி நிறத்தை ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றுங்கள். தேய்த்தால் பாதித் தூள் கன்னத்துக்குப் போகும், ஒற்றினால் பென்சில் அதைப் பிடித்துக்கொள்ளும். இமையின் நடுப்பகுதி வரை வந்தால் போதும். கறுப்பு கடைசியில்தான், அதுவும் முடியின் வேரிலும் வெளிக்கோடியில் மூன்றில் ஒரு பங்கிலும் மட்டும். வெளிக்கோடியில் எதுவரை போகலாம்? கீழ் இமை முடிகிற இடத்திலிருந்து புருவத்தின் வால் முனைக்கு ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் இறங்கினால் கண் சோர்ந்து தொங்குவது போலத் தெரியும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. புசுபுசு பிரஷ்ஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, எந்த நிறமும் தொடாமல், வெறும் பிரஷ்ஷால் நிறங்கள் சந்திக்கும் விளிம்புகளில் மட்டும் சின்ன வட்டங்களாகச் சுழற்றுங்கள். பாதி பேர் கறுப்பு தொட்ட பிரஷ்ஷாலேயே கலைக்கிறேன் என்று இறங்குகிறார்கள், கலைக்கக் கலைக்கக் கறுப்பு புருவம் வரை ஏறிவிடுகிறது. இடையிடையே கண்ணாடியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், மூக்குக்கு அருகில் வைத்தே பார்த்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கலைத்தது அதிகமாகி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டதா? ஷேடோவை மேலும் மேலும் போடாதீர்கள், முடியின் வேரில் மட்டும் காஜலை மறுபடி ஒரு முறை ஓட்டினால் அடர்த்தி திரும்ப வந்துவிடும்.

கீழ் இமைக்குக் கறுப்பு வேண்டாம், பிரவுன் போதும். வெளிக்கோடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரை மெல்லியதாக ஓட்டி, மேலே இருப்பதோடு சேர்த்துவிடுங்கள். சிறிய கண்களைச் சுற்றி முழுதாகக் கறுப்பு வளையம் போட்டால் இன்னும் சிறியதாகத் தெரியும். முடிக்கு உட்புறமாக, ஈரமான விளிம்பில் காஜல் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் கண்ணீரோடு கலந்து கண்ணுக்குள் போகும். கண்ணீருக்குத் தேவையான எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும் அடிக்கடி கண் எரிகிறவர்களும் அதை விட்டுவிடுவதே நல்லது. லென்ஸை மேக்கப்புக்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத மை, சுர்மா எதையும் கண்ணில் வைக்காதீர்கள், சிலவற்றில் ஈயம் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

கன்னத்தில் கொட்டிய தூளை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதைக் பஞ்சுக் குச்சியில் மேக்கப் துடைக்கும் மைசெல்லர் வாட்டர் தொட்டுத் துடையுங்கள். அதே குச்சியால் வெளிக்கோடியையும் கூர்மையாகத் திருத்திக்கொள்ளலாம், இரண்டு கண்ணும் ஒன்று போல ஆவது பெரும்பாலும் இந்தத் திருத்தத்தில்தான். பிறகு இமை முடியை கர்லரால் வளைத்து மஸ்காரா, இரண்டு பூச்சு. வளைப்பது மஸ்காராவுக்கு முன்னால், பின்னால் வளைத்தால் முடி ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். இதற்கெல்லாம் அப்புறம் ஃபவுண்டேஷன், புருவம், உதட்டுக்கு வெளிர் நிறம் ஏதாவது.

பகலில் போகிற இடத்துக்கு என்றால் கறுப்பு ஷேடோவைத் தொடாமல், காஜலையும் காபி நிறத்தையும் வைத்தே முடித்துவிடலாம், எனக்குப் பிடித்தது அதுதான். கண் குழிந்து இருப்பவர்கள் மடிப்பில் அடர் நிறத்தைக் குறைத்து, இமையின் நடுவில் கொஞ்சம் மினுமினுப்பை மோதிர விரலால் ஒற்றிக்கொள்ளலாம்.

கடைசியில் மேக்கப்பை அகற்றும்போது அவசரப்படாதீர்கள். எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணின் மேல் இருபது விநாடி வைத்துவிட்டுக் கீழ்நோக்கி வழித்தால் முக்கால்வாசி வந்துவிடும். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், அதையும் காஜலையும் யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள், கண் சிவந்து உறுத்துகிற நாட்களில் இவை எதுவுமே வேண்டாம்.