லொறியில் தண்ணீரை ஏற்றாதீர்கள்: வன்னிச் சரக்கில் காபன் கூடும் இடங்கள்

போக்குவரத்தில் காபனைக் குறைப்பது பற்றிக் கதை எழுந்தால் அது எஞ்சினில்தான் போய் நிற்கும். பழைய லொறி, கறுப்புப் புகை, மின்சார வாகனம் என்று பேசி முடித்துவிடுவோம். எஞ்சின் மாற்றப் பெருங்காசு வேண்டும். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவிலிருந்து புறப்படும் சரக்கில் பெரிய வீண் லொறிப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதைக் குறைக்கக் காசை விடக் கவனம்தான் கூடத் தேவை.

முதலில் ஒரு எண். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். ஒரு லீற்றர் டீசலின் நிறையே ஒரு கிலோ வராதே என்று சிலர் சந்தேகப்படுவார்கள். டீசலிலுள்ள காபன் எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேருகிறது, அதனால்தான் நிறை கூடுகிறது. புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த வாகனம் காபனையும் குறைக்கிறது என்று நினைப்பது பிழை. டீசல் வாகனத்தில் அந்தப் பரிசோதனை புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது.

வெறும் லொறியோடு திரும்புவது

கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைச் சந்தை ஏ-9 வீதியால் சுமார் 180 கிலோமீற்றர். ஒரு நடுத்தர லொறி 4 தொன் மரக்கறியோடு லீற்றருக்கு 6 கிலோமீற்றரும், வெறுமனே திரும்பும்போது 8 கிலோமீற்றரும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போக 30 லீற்றர், வர 22.5 லீற்றர். மொத்தம் 141 கிலோ காபனீரொட்சைட்டு, அதாவது கொண்டுபோன ஒவ்வொரு தொன்னுக்கும் 35 கிலோ. அதே லொறி திரும்பும்போது 4 தொன் உரமோ வெங்காயமோ ஏற்றி வந்தால் டீசல் 60 லீற்றராகக் கூடும். ஆனால் சுமந்தது 8 தொன், எனவே தொன்னுக்கு 20 கிலோதான். புது எஞ்சின் பூட்டினாலும் இவ்வளவு குறைவது கடினம்.

ரிட்டேண் லோட் கிடைக்காது என்பதுதான் வழக்கமான பதில். சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தேடினால் கிடைக்காதுதான். கூட்டுறவுச் சங்கமும் கமக்கார அமைப்பும் உரம், தீவனம், கடைச் சாமான் வாங்கும் நாளை மரக்கறி லொறி போகும் நாளோடு பொருத்த வேண்டும். இதற்கு ஒரு தொலைபேசிக் குழுவே போதும். ஆனால் உரம் ஏற்றிய பெட்டியைக் கழுவாமல் அடுத்த நாள் தக்காளி ஏற்றக் கூடாது.

ஈர நெல்லை ஏற்றுவது

காலபோக அறுவடை வந்ததும் வெட்டு மெசினிலிருந்து இறங்கும் நெல் நேரே லொறிக்குப் போகிறது. அப்போது ஈரம் 20 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பது வழமை. சேமிக்கவும் விற்கவும் வேண்டியது 14. ஈரம் 20 சதவீதமுள்ள 1000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவிட்டால் 930 கிலோ மிஞ்சும். குறைந்த 70 கிலோவும் தண்ணீர். ஒவ்வொரு தொன்னிலும் ஒரு மூடையளவு தண்ணீரை ஏற்றி டீசல் எரிக்கிறோம். போதாததற்கு ஈர நெல் மூடைக்குள்ளேயே சூடேறி நிறம் மாறும், விலையும் இறங்கும்.

ஈரமானி இல்லாதவர்கள் உப்பு வைத்துப் பார்க்கலாம். உப்பைச் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவிடுங்கள். ஈரமே இல்லாத கண்ணாடிப் போத்தலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்புப் போட்டு, போத்தலின் மூன்றில் ஒரு பங்குக்கு நெல்லை நிரப்பி மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். உப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். உப்பை வறுக்காமல் செய்தால் எந்த நெல்லும் ஈரமாகத்தான் தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு வீண், வன்னி நெல் தூரத்து ஆலைக்குப் போய் அரிசியாக வன்னிக் கடைக்கே திரும்புவது. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. அதுவும் தவிடும் சும்மா பயணம் செய்கின்றன, அரிசி இரண்டு தரம் பயணம் செய்கிறது. உள்ளூரில் விற்கும் அரிசியை உள்ளூர் ஆலையில் குற்றினால் அந்த ஓட்டம் மிச்சம். உமியும் நெல் அவிக்கும் அடுப்புக்கு இங்கேயே உதவும்.

சாக்கில் கட்டிய தக்காளி

100 கிலோ ஏற்றி 20 கிலோ நசிந்து போனால், விற்ற ஒவ்வொரு கிலோவின் காபனும் கால்வாசி கூடுகிறது. குப்பைமேட்டில் அழுகும் மரக்கறி, புவியைச் சூடாக்கும் மீதேன் வாயுவையும் வெளியிடும். தக்காளியையும் பப்பாசியையும் பிளாஸ்டிக் கூடையில் அனுப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் கூடையை விளிம்பு வரை நிரப்பி மேல் கூடையை அழுத்தி வைத்தால் சாக்கில் கட்டியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. மேலே மூன்று விரற்கடை இடம் விடுங்கள். வாங்கும்போது வெறுங்கூடைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் திரும்பும் லொறியை வெறுங்கூடையே நிரப்பிவிடும்.

மீன் பெட்டியும் கூலரும்

முல்லைத்தீவு மீனை 30 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் போதும். ஆனாலும் வெப்ப நாடுகளில் மீனுக்குச் சமனாக ஐஸ் போடச் சொல்வது, வழியில் பெட்டிக்குள் புகும் வெப்பத்துக்காகத்தான். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டிக்கும், உடைந்து தண்ணீர் ஊறிய ரெஜிபோமுக்கும் அதுவும் போதாது. மூடியையும் ரப்பரையும் திருத்தினால் ஐஸ் பாரம் குறையும்.

மெசின் பூட்டிய கூலர் வாகனத்தில் குளிரூட்டும் காஸ் குறைந்தால் ஒழுக்கைத் தேடாமல் மேலே நிரப்பிக்கொண்டே போவது எல்லாவற்றிலும் மோசமான பிழை. பரவலாகப் பாவிக்கும் ஆர்-404ஏ காஸ் ஒரு கிலோ ஒழுகினால் புவியைச் சூடாக்குவதில் அது சுமார் 3.9 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். கிட்டத்தட்ட 1,460 லீற்றர் டீசல் எரித்த அளவு! ஆண்டுக்கு இரண்டு தரம் காஸ் நிரப்பும் வாகனத்தை ஓட்டுவதற்கு முன் சவர்க்கார நுரை தடவி ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ரயர்

காற்றைக் காலையில் ஓட முன்பே பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில் ஓடி வந்த ரயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றோடுதான் புறப்படுவீர்கள், டீசலும் கூடும்.

காசில் கணக்கு எழுதுவது

இத்தனை ரூபாவுக்கு டீசல் அடித்தோம் என்று எழுதிவைத்தால் விலை மாறும்போது இரண்டு மாதங்களை ஒப்பிட முடியாது. ஒரு கொப்பியில் திகதி, லீற்றர், மீற்றர் வாசிப்பு, கொண்டுபோன கிலோ, கொண்டுவந்த கிலோ என ஐந்து நிரல் கீறுங்கள். ஒவ்வொரு முறையும் டாங்கியை நிறைய அடித்தால்தான் லீற்றர் கணக்குச் சரியாக வரும். கொண்டுவந்த கிலோவில் பூச்சியம் எத்தனை தரம் விழுந்திருக்கிறது என்று மாத முடிவில் முதலில் எண்ணுங்கள்.