ஓடுபவர்கள் எடைப் பயிற்சியில் விடும் தவறுகள்

எடைப் பயிற்சியையும் ஓட்டம் மாதிரியே செய்வதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுதான். வெள்ளவத்தைப் பக்கத்து ஜிம்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்: 2 கிலோ டம்பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது, நாற்பது தடவை ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும்புவது), மூச்சுவிட இடைவெளியே இல்லாமல் அடுத்தது, சட்டை நனைந்ததும் ‘இன்றைக்கு நல்ல பயிற்சி’ என்று கிளம்பிவிடுகிறார்கள். மூச்சு வாங்கும் வேலையைத்தான் காலையிலேயே மரைன் டிரைவில் செய்தாயிற்றே! ஜிம்மில் தேடவேண்டியது ஓட்டத்தால் கிடைக்காத ஒன்றை, அதாவது பலத்தை.

2008இல் வெளியான ஒரு நோர்வே ஆய்வைப் பாருங்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் சிலர் 8 கிழமைகள், கிழமைக்கு 3 நாள், பாரமான அரை ஸ்குவாட் செய்தார்கள். 4 செட், செட்டுக்கு 4 தடவை, அவ்வளவுதான். அதே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஒட்சிசன் சுமார் 5 வீதம் குறைந்தது, உடல் எடையோ கூடவில்லை. ‘பாரம் தூக்கினால் உடம்பு பெருத்துவிடும்’ என்று பயப்படுகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதைச் சொல்லியே ஆகவேண்டும். குறைந்த தடவை, அதிக பாரம் என்று செய்யும்போது முதலில் மாறுவது நரம்புகள் தசையை வேலை வாங்கும் விதம், தசையின் பருமன் அல்ல.

அதற்காக முதல் நாளே பாரத்தை ஏற்றிவிடாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் 8, 10 தடவை செய்யக்கூடிய எடையில் முறையைப் பழகுங்கள், அப்புறம் எடையைக் கூட்டி, தடவையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். செட்டுகளுக்கு இடையில் 2, 3 நிமிடம் சும்மா இருக்கவேண்டும். அது சோம்பல் இல்லை, அடுத்த செட்டையும் அதே பலத்தோடு தூக்க அந்த ஓய்வு வேண்டும்.

அடுத்தது கெண்டைக்கால். தொடைக்கும் வயிற்றுக்கும் நேரம் ஒதுக்குகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் 2000 தடவைக்கு மேல் தரையில் விழுகிறது, அப்போதெல்லாம் கெண்டைக்காலின் உள்தசை உடல் எடையைப் போல் 6 மடங்குக்கும் மேலான சுமையைத் தாங்குவதாக மதிப்பிடுகிறார்கள். இதற்கு ஜிம்கூட வேண்டாம், பிளட்ஸ் மாடிப்படி போதும். படி விளிம்பில் ஒற்றைக்காலின் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு, குதிகால் படிக்குக் கீழே இறங்கும்வரை மெதுவாக இறக்குங்கள், ஒரு கணம் நின்று முழுதாக மேலே எழும்புங்கள். முழங்காலை நீட்டி ஒரு செட், சற்று மடக்கி ஒரு செட். மடக்கும்போதுதான் அந்த உள்தசைக்கு முழு வேலை. சுலபமாகிவிட்டால் முதுகுப் பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், தசை சில கிழமைகளில் பலப்படும், அந்தத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாணுக்கு மாதக்கணக்கு ஆகும், அவசரப்படக்கூடாது.

கல்கிசைக் கடற்கரை மணலில் ஓடுவதால் இது தேவையில்லை என்பாரும் உண்டு. மணலில் கால் களைக்கும், உண்மைதான், ஆனால் பாரத்தைப் படிப்படியாகக் கூட்ட அங்கே வழியில்லை.

சரி, எந்த நாளில் செய்வது? ஞாயிறு நீண்ட ஓட்டத்தை வைத்துக்கொண்டு சனி பின்னேரம் கால் பயிற்சி செய்வது வீண்வேலை. தசைவலி மறுநாளிலிருந்து மூன்றாம் நாள் வரைக்கும்தான் உச்சத்தில் இருக்கும், அந்தக் காலோடு ஓடினால் ஓட்டமும் கெடும். வேக ஓட்டம் ஓடிய அன்றைக்கே பின்னேரம் எடையைத் தூக்கிவிட்டு மறுநாளை இலகுவாக விடுங்கள், கிழமைக்கு 2 நாள் தாராளம். முடித்துவிட்டு பிளேன்டீயும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டால் தசை எதைக்கொண்டு வளரும்? முட்டை, மீன், பருப்பு, கடலை, ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

போட்டி நெருங்கியதும் பயிற்சியை மாதக்கணக்கில் கைவிடுவதும் தவறுதான். கிழமைக்கு ஒரு நாள், செட்டைக் குறைத்து, பாரத்தைக் குறைக்காமல் தொடர்ந்தால் பெற்ற பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். போட்டிக்கு முந்தைய கடைசிக் கிழமையில் மட்டும் பாரமான கால் பயிற்சியை விட்டுவிடுங்கள்.