கால்பந்துப் பயிற்சியாளரின் பணிக்காலத்தைத் தொகுத்து எழுதும் முறை

ஒரே கல்லூரியின் கால்பந்து அணியை நெடுங்காலம் வளர்த்தவர் ஓய்வு பெறும்போது, பழைய மாணவர்கள் மலர் வெளியிட முன்வருவது மிக நல்ல செயல். ஆனால் பக்கங்களை வாழ்த்துச் செய்திகளே நிறைத்துவிட, அவர் ஆண்டுதோறும் செய்த வேலை பதிவாகாமல் போய்விடுகிறது. எனவே வாழ்த்துரை கேட்டு ஒருவருக்கும் கடிதம் எழுதும் முன்பே ஆண்டுவாரிப் பட்டியலைத் தயாரித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநரே பெரும்பாலும் பயிற்சியாளராகவும் இருப்பதால், அவர் எந்த ஆண்டுகளில் கால்பந்து அணியை நேரடியாகப் பயிற்றுவித்தார், எப்போது வெளியிலிருந்து வேறொருவர் வந்தார் என்பதை முதலில் தெளிவுபடுத்துங்கள். பிறகு கல்லூரி ஆண்டு மலர், ஆண்டறிக்கை, விளையாட்டுத் துறைப் பதிவேடு, கோப்பைகளில் பொறித்த எழுத்து, நாளிதழ்களின் கோவைப் பதிப்பு ஆகியவற்றிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் எடுத்து, போட்டி, எதிரணி, மைதானம், கோல் கணக்கு, அணித்தலைவர், தகவல் கிடைத்த இடம் எனத் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும்.

கொங்குப் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் தொடங்கும் வரை கோவைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன; சேலம், நாமக்கல் கல்லூரிகள் 1997-இல் பெரியார் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன; பொறியியல் கல்லூரிகள் 2001 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தன. ஆகவே ‘பல்கலைக்கழக அளவில் முதலிடம்’ என்று மட்டும் எழுதினால், எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை மாவட்டங்களின் கல்லூரிகள் மோதிய போட்டி என்பது வாசகருக்குத் தெரியாது. திருப்பூர் 2009-இல்தான் தனி மாவட்டமானது என்பதால், அதற்கு முன் மாவட்ட அணிக்கு ஆடிய திருப்பூர் நகர மாணவரைக் கோவை மாவட்ட வீரர் என்றே குறிக்க வேண்டும்.

எண்ணும் விதியை முன்கூட்டியே வகுத்து மலரிலேயே அச்சிடுங்கள். பெனால்டி ஷூட் அவுட்டில் முடிந்த ஆட்டம் கால்பந்துக் கணக்குப்படி சமநிலையே. அடுத்த சுற்றுக்குச் சென்றதைத் தனியாகக் குறிக்கலாம். எதிரணி வராமல் கிடைத்த வாக் ஓவரை வெற்றியோடு சேர்க்கக் கூடாது. அவர் முன்பு வேறு கல்லூரியில் பணியாற்றியிருந்தால் அந்தக் கணக்கும் தனியே நிற்க வேண்டும். கைகளாலும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரிப் பயிற்சியாளர் ஜான் கலியார்டி பெற்ற 489 வெற்றிகளில் 24 கரோல் கல்லூரியிலும், 465 செயின்ட் ஜான்ஸிலும் கிடைத்தவை என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடிவது, அங்கே ஏடுகள் ஒழுங்காக இருந்ததால்தான்.

வெற்றிக் கணக்கு மட்டும் ஒருவரின் பணியைச் சொல்லிவிடாது என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டர்னோ, அவருடைய முன்னாள் உதவியாளர் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு வெளிவந்ததும் 2011-இல் நீக்கப்பட்டார். அவருடைய 111 வெற்றிகள் 2012-இல் பறிக்கப்பட்டு, 2015-இல் திருப்பித் தரப்பட்டு, எண்ணிக்கை மீண்டும் 409 ஆயிற்று. ஆனால் தம் பொறுப்பில் இருந்த இடத்தில் பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்தார்களா என்ற கேள்விக்கு அந்த எண்ணால் விடை சொல்ல முடியாது. நீங்கள் எழுதும் மலரிலும் இந்தக் கேள்விக்கு இடம் வேண்டும். மாணவர் யாரேனும் மனக்குறை சொன்னால் அதை அலங்கார வார்த்தையால் மூடிவிடக் கூடாது.

நேர்காணலுக்கு அணித்தலைவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல், மாற்று ஆட்டக்காரராகவே மூன்றாண்டும் உட்கார்ந்திருந்தவரையும், பெண்கள் அணி இருந்தால் அவர்களையும் தேடிச் செல்லுங்கள். ‘சார் எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் புகழுரைதான் வரும். எந்த இடத்தில் ஆட வைத்தார், ஏன் மாற்றினார், காயம்பட்டபோது மருத்துவமனைக்கு உடன் வந்தாரா, கோபிப் பக்கத்துக் கிராமத்துக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவனுக்காகப் பயிற்சி நேரத்தை முன்னே தள்ளினாரா என்று கேளுங்கள். ஆளின் குணம் அங்கேதான் தெரியும்.

அச்சுக்கு அனுப்பும் முன் பட்டியலைப் பயிற்சியாளரிடமே காட்டி, அவர் நினைவும் ஏடும் முரண்படும் இடங்களில் இரண்டையும் பதிவு செய்யுங்கள். விழா முடிந்ததும், மலரோடு மூலப் பட்டியலின் ஒரு படியையும் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிட்டால், அடுத்து வரும் உடற்கல்வி இயக்குநர் அதே ஏட்டைத் தொடர்ந்து எழுத முடியும்.