கோடுல கை வைக்கிறதுக்கு முன்னாடி எஃப்12 அழுத்துங்க: டெவ்டூல்ஸ் முதல் பாடம்

கடலூர்ல புதுசா வெப் பேஜ் எழுத ஆரம்பிக்கிற பசங்ககிட்ட ஒரு பழக்கம் பாக்குறேன், பட்டன் வேலை செய்யலன்னா உடனே கோடுக்குள்ள போய் அங்க ஒண்ணு இங்க ஒண்ணு மாத்தி ரிஃப்ரெஷ் பண்ணிட்டே இருக்காங்க. எங்க தப்புன்னு பிரவுசரே டெவ்டூல்ஸ்ல, அதாவது அதுக்குள்ளயே இருக்குற தப்பு கண்டுபிடிக்கிற கருவிகள்ல எழுதிக் காட்டுது, அத முதல்ல படிங்க. பண்ருட்டி முந்திரி விக்கிற கடைக்கு ஒரு ஆர்டர் பேஜ் போடுறோம்னு வச்சுக்குவோம்.

ஸ்டெப் 1: குரோம்லயோ ஃபயர்ஃபாக்ஸ்லயோ பேஜைத் திறந்து எஃப்12 அழுத்துங்க, சில லேப்டாப்ல எஃப்என் கீயும் சேர்த்து அழுத்தணும். கன்சோல் டேப்புக்குப் போங்க.

ஸ்டெப் 2: சிவப்பு வரி இருந்தா வலது ஓரத்துல ஃபைல் பேரும் லைன் நம்பரும் இருக்கும், கிளிக் பண்ணா நேரா அந்த இடத்துக்கே போகும். அதுல 'நல்'னு (null, எதுவும் கிடைக்கலன்னு அர்த்தம்) வந்தா பெரும்பாலும் நீங்க தேடுற பட்டன் பேஜ்ல உருவாகுறதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் ஓடிடுச்சு, இல்லன்னா ஐடி பேர் தப்பு. ஸ்கிரிப்ட் தனி ஃபைலா இருந்தா ஸ்கிரிப்ட் டேக்ல டிஃபர் (defer) சேர்த்துப் பாருங்க, பேஜ் உருவான பிறகுதான் ஸ்கிரிப்ட் ஓடும். இப்போ குரோம்ல எர்ரர் பக்கத்துல ஒரு பல்ப் ஐகான் வருது, ஏஐ விளக்கம் சொல்லும், கூகுள் அக்கவுண்ட்ல லாகின் ஆகி செட்டிங்ஸ்ல ஆன் பண்ணணும். நல்ல வசதிதான், ஆனா முதல்ல நீங்களே ஒரு தடவை படிச்சிடுங்க, அப்பதான் கண்ணு பழகும்.

ஸ்டெப் 3: எர்ரரே இல்ல, ஆனா கணக்கு தப்பு. முந்திரி 450, டெலிவரி 60, மொத்தம் 45060னு காட்டுது! சோர்சஸ் டேப்ல (ஃபயர்ஃபாக்ஸ்ல டீபக்கர்) அந்த ஃபைலைத் திறந்து கூட்டுற லைனோட நம்பர் மேல கிளிக் பண்ணுங்க, நீலமா மாறும், அதுதான் பிரேக்பாயிண்ட். இப்போ ஆர்டர் பட்டனை அழுத்தினா கோடு சரியா அங்க நிக்கும், வேரியபிள் மேல மவுஸ் வச்சா 450 மேற்கோள் குறிக்குள்ள தெரியும், அதாவது அது எண் இல்ல, டெக்ஸ்ட். இன்புட் பாக்ஸ்ல இருந்து எடுக்குற வேல்யூ எல்லாம் அப்படித்தான் வரும், நம்பரா மாத்திட்டுக் கூட்டுங்க. 2006ல ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்பக்னு இதே மாதிரி ஒரு டூல் வர்றதுக்கு முன்னாடி இதுக்கெல்லாம் பெரும்பாலும் அலர்ட் பாக்ஸ் போட்டுப் போட்டுத்தான் தேடுவாங்க, இன்னிக்கும் வேல்யூவை கன்சோல்ல எழுதிக் காட்டுற கன்சோல்.லாக் மட்டுமே போட்டுட்டு இருக்காதீங்க, தயவுசெஞ்சு பிரேக்பாயிண்ட் கத்துக்கங்க.

ஸ்டெப் 4: போட்டோ வரலன்னா நெட்வொர்க் டேப்பைத் திறந்து வச்சுட்டு ரிஃப்ரெஷ் பண்ணுங்க. 404னு, அதாவது ஃபைல் கிடைக்கலன்னு இருந்தா ஃபைல் பேரைப் பாருங்க, விண்டோஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது, ஆனா லினக்ஸ் சர்வர் பாக்கும், அதனாலதான் வீட்ல வந்த படம் ஹோஸ்ட் பண்ணதும் காணாம போகுது.

ஸ்டெப் 5: கன்ட்ரோல் ஷிஃப்ட் எம் அழுத்தினா போன் சைஸ்ல தெரியும். விலைப் பட்டியல் பக்கவாட்டுல வழிஞ்சா எலிமெண்ட்ஸ் டேப்ல (ஃபயர்ஃபாக்ஸ்ல இன்ஸ்பெக்டர்) அந்த டேபிளைத் தேர்ந்தெடுத்து, அதோட ஸ்டைல்ல விட்த் (width) பக்கத்துல இருக்குற டிக்கை எடுத்துப் பாருங்க. சரியா உக்காந்தா அதே மாற்றத்தை உங்க ஃபைல்லயும் எழுதிடுங்க, இங்க பண்றது ரிஃப்ரெஷ் பண்ணா போயிடும்.

இது போன் மாதிரிதான், போன் இல்ல. ஆண்ட்ராய்டு போன்ல யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி கேபிள் சொருகி, லேப்டாப் குரோம்ல இன்ஸ்பெக்ட் பக்கத்தை (chrome://inspect) திறந்தா, அந்த போன் குரோம்ல ஓடுற பேஜையே இதே டூல்ஸ் வச்சுப் பாக்கலாம்.