இழப்பைக் கதையில் எழுதுவது எப்படி: ஒரு வாளி, ஒரு வினைச்சொல்

கதையிலோ நாவலிலோ பெரும் இழப்பொன்றை எழுத உட்கார்ந்தால், சம்பவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த நினைவு பாத்திரத்திடம் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓர் ஒலி, ஒரு வாசனை, கையில் தட்டுப்படும் ஒரு பொருள், ஏதாவது ஒன்று போதும்.

தம்பியை ஆற்றில் பறிகொடுத்த அக்கா என்று வைத்துக்கொள்வோம். ‘தம்பியின் சாவு அவளை வாட்டியது’ என்றால் வாசகருக்குத் தகவல் கிடைக்கிறது, அவ்வளவுதான். ‘வாளி முக்கால் நிறைவதற்குள் குழாயை மூடிவிடுவாள்’ என்று எழுதிவிட்டு, காரணம் சொல்லாமல் நகருங்கள். பத்துப் பக்கம் கழித்து ஆறு வரும்போது வாசகருக்கே அந்த வாளி ஞாபகம் வரும்.

பழைய காட்சிக்குள் நுழைய ‘போயிருந்தான்’ ஒரு தடவை போதும். அடுத்த வரியிலிருந்து ‘போனான்’, ‘நின்றான்’ என்றே எழுதலாம். ‘இருந்தான்’ அடுக்கினால் நடை நொண்டும். அவளை மீறி வந்து தாக்கும் நினைவுக்கு மட்டும் நிகழ்காலம்: ‘கை நழுவுகிறது.’ அவளுக்கு அது இன்னும் முடியவில்லை.

தமிழில் இதைவிடக் கூர்மையான கருவி ஒன்று உண்டு. ‘தம்பி கதவை இரண்டு முறை தட்டுவான்.’ இருப்பவனைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம், இறந்தவனைப் பற்றியும் சொல்லலாம். அக்காவை ‘தட்டுவான்’ என்றே பேசவிடுங்கள். அம்மா ‘தட்டினான்’ என்று திருத்தும் இடத்தில் சாவு தெரியட்டும்.

ஆற்றுக் காட்சியை ஒரே மூச்சில் இரண்டு பக்கம் கொட்டவேண்டாம். மூன்று தடவை வரட்டும், முதல் தடவை நான்கே வரி. ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறட்டும். நினைவு அப்படித்தான் மாறும். 1986இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று மாணவர்களிடம் உளவியல் ஆய்வாளர்கள் உல்ரிக் நைஸரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்துக் கேட்டபோது பலர் வேறு கதை சொன்னார்கள், அதையும் உறுதியாகச் சொன்னார்கள். ஆக, முதல் தடவை நீலமாக இருந்த தம்பியின் சட்டை பிறகு வெள்ளையாகலாம். ஆனால் உண்மையில் நடந்ததைத் தனித்தாளில் எழுதி வைத்திருங்கள். வேறொரு பாத்திரம் அந்த முரணை ஒரு முறையாவது கவனிக்கட்டும். இல்லையென்றால் வாசகர் அதை உங்கள் பிழை என்று எண்ணிவிடுவார்.

திருத்தும்போது ‘துயரம்’, ‘வலி’, ‘ரணம்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். காட்சி சரிந்தால், அதில் கையில் தட்டுப்படும் பொருள் எதுவுமே இல்லை என்று அர்த்தம், வாளி போன்ற ஒன்றைத் தேடுங்கள்.

பெரும்பாலான கதைகள் கெடுவது முடிவில்தான். ஒரு நீண்ட பேச்சு, ஓர் அழுகை, எல்லாம் ஆறிவிடுகிறது. மீட்சி வேண்டுமென்றால் வாளி அளவுக்கே இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் தண்ணீர் முக்காலைத் தாண்டி இன்னும் நான்கு விரல் ஏறிய பிறகு அவள் குழாயை மூடட்டும்.