ரத்த ரிப்போர்ட்டில் ஆயுளைத் தேடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் பெரியப்பா வீட்டில் சாமி அறைக்குப் பக்கத்து மேசையில் ஒரு நீல ஃபைல் இருந்தது. பெரியப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய், அதாவது தசையை இயக்கும் நரம்புகள் அழிந்து தசை மெலிகிற நோய் என்று நரம்பு டாக்டர் சொன்ன நாளிலிருந்து எடுத்த எல்லா ரத்தப் பரிசோதனையும் அதற்குள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அதிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டி, "அக்கா, கிரியாட்டினின் 48-க்கு இறங்கிவிட்டது, இது இறங்கினால் சீக்கிரம் முடிந்துவிடுமாம், நெட்டில் போட்டிருக்கிறது" என்றான். அடுப்படியில் இருந்த பெரியம்மா காதில் அது விழுந்துவிட்டது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் அடுப்பு பற்றவைக்கவில்லை.

இதே நோயோடு இருக்கிற வேறு வீடுகளிலும் இது நடக்கும் என்பதால்தான் எழுதுகிறேன். டர்பனில் தமிழ் வாசிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், தெரியும். தெரிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி படித்தது பொய்யில்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு, தசை மெலிய மெலிய ரத்தத்தில் அதன் அளவும் குறையும். இந்த நோய் வந்தவர்களில் கிரியாட்டினினும் அல்புமின் என்ற ரத்தப் புரதமும் குறைவாக இருந்தவர்களின் ஆயுள் சராசரியாகக் குறைந்திருந்தது என்று இத்தாலியில் செய்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. தவறு எங்கே என்றால், சராசரியை எடுத்து ஒரு மனிதரின் தலையில் வைப்பதில். நிறையப் பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தால் ஒரு கூட்டம் மற்றதைவிட முன்னால் போகிறது, அவ்வளவுதான் அதன் பொருள், இரண்டு கூட்டத்திலும் சீக்கிரம் போனவர்களும் இருக்கிறார்கள், எதிர்பார்த்ததைவிட நெடுநாள் இருந்தவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இயல்பிலேயே ஒல்லியான, வயதான ஓர் அம்மாவுக்கு இந்த எண் நோய் வருவதற்கு முன்பே குறைவாகத்தான் இருந்திருக்கும். பெரியப்பாவின் 48 சொன்னது அவருடைய தசை கரைந்திருக்கிறது என்பதை. அது அவர் சட்டைத் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கிரியாட்டினின் குறைந்ததும் "கிட்னி நன்றாக வேலை செய்கிறது" என்று சந்தோஷப்படுவது. தசை குறைந்தவருக்கு அந்த எண்ணை வைத்துக் கணக்கிடும் கிட்னியின் வேலைத்திறன் உண்மையைவிட நன்றாகத் தெரியும். சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறவர் என்றால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள், அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை.

ஆயுளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது, அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் நான்கு வருடம் என்பது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் பத்து வருடத்தைத் தாண்டுகிறார். நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஜூஸ்ட் ஃபான் டெர் வெஸ்ட்ஹைசன், 1995 ரக்பி உலகக் கோப்பை அணியில் ஆடியவர், 2011-ல் நோய் தெரிந்து 2017 பிப்ரவரியில் இறந்தார். டாக்டர்கள் கணிப்பதற்கென்றே ஒரு முறை 2018-ல் ஐரோப்பாவில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து உருவானது. அதில் எட்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: நோய் தொடங்கிய வயது, பேச்சிலா கைகாலிலா எங்கே முதலில் தொடங்கியது, நோய் தெரிய எவ்வளவு காலம் ஆனது, எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, மூச்சின் கொள்ளளவு, மறதி நோய் கூடவே இருக்கிறதா, இந்த நோய்தான் என்பது எவ்வளவு உறுதி, அப்புறம் சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணு. கிரியாட்டினின் அந்தப் பட்டியலில் இல்லை. தம்பிக்கு இதைக் காட்டியபோதுதான் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நியூரோஃபிலமெண்ட் பரிசோதனை பற்றியும் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நரம்பு இழைக்குள் எலும்புக்கூடு மாதிரி நிற்கிற புரதம் அது, இழை சிதையும்போது தண்டுவட நீரிலும் ரத்தத்திலும் கசிகிறது. அளவு அதிகமாக இருந்தால் நோய் வேகமாகப் போகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு, ரத்தக் குறியீடுகளில் எனக்கு உண்மையில் நம்பிக்கை தருவது இது ஒன்றுதான். எஸ்ஓடி1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கான டோஃபர்சென் மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே இந்தப் புரதத்தை அது குறைத்தது என்பதை வைத்துத்தான். ஆனால் பக்கவாதம், தலையில் அடி, வேறு நரம்பு நோய்கள் என எது வந்தாலும் இது ஏறும். வயது கூடினாலும் ஏறும், கிட்னி பழுதானாலும் ஏறும். அதனால் இது கூடியிருக்கிறது என்பதற்காகவே மோட்டார் நியூரான் நோய் என்று முடிவுகட்டுவதும், ஒரு லேபில் எடுத்த எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு வைத்து "இரண்டு மாதத்தில் இவ்வளவு கூடிவிட்டது" என்று அழுவதும் வேண்டாம்.

சி.கே. என்ற தசை நொதி இந்த நோயில் பலருக்கு ஏறியிருக்கும். விழுந்தாலும், தசையில் ஊசி போட்டாலும், தசையில் ஊசி வைத்து மின்செயலைப் பார்க்கும் இ.எம்.ஜி. எடுத்தாலும் இன்னும் கொஞ்சம் ஏறும். அது தசை நோய் என்று அர்த்தமில்லை. இதோடு சேர்ந்து வருகிற இன்னொரு குழப்பம்தான் ஆபத்தானது: கல்லீரல் பரிசோதனையில் வரும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற நொதிகள் இரண்டும் கல்லீரலிலிருந்து மட்டுமல்ல, தசையிலிருந்தும் வரும். இந்த நோய்க்குத் தரும் ரிலுசோல் மாத்திரை தொடங்கினால் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கல்லீரலைப் பார்க்கச் சொல்வார்கள், அது மருந்தின் பாதுகாப்புக்காக, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க இல்லை. அந்த எண் லேசாக ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலா தசையா என்று பிரித்துச் சொல்ல ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதிப் பரிசோதனை உதவும். ரிலுசோல் சராசரியாகத் தரும் கூடுதல் ஆயுள் இரண்டு மூன்று மாதம்தான் என்றாலும், அதை நிறுத்துவதா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

யூரிக் ஆசிட் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் மெதுவாகப் போனது என்று சில ஆய்வுகள் வந்தன. அதைக் கேட்டு, யூரிக் ஆசிட்டைக் குறைக்கத் தரும் கௌட் (மூட்டுவீக்க) மாத்திரையை விடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயம்தான் நம் வீடுகளில் பெரிய தவறு. நமக்குச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் பயம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, நியாயமான பயம்தான், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அதில் போயிருப்பார். பெரியப்பாவின் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருந்ததைப் பார்த்து பெரியம்மா நெய்யை நிறுத்தினார், சோற்றைக் குறைத்தார், ரொட்டியைப் பாதியாக்கினார். அப்புறம் புரட்டாசி வந்தது. பெரியப்பா நாற்பது வருடமாக விட்டதில்லை, அந்த வருடமும் விரதம் இருந்தார். மாதம் முடிந்தபோது நாலு கிலோ போயிருந்தது, எண்கள் எல்லாம் அழகாக இறங்கியிருந்தன, வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. இந்த நோயில் எடை குறைவது ஆயுளைக் குறைக்கிற அடையாளங்களில் மிக உறுதியான ஒன்று. எந்த ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், குளியலறை எடைமெஷின் போதும். சர்க்கரை இருக்கிறவருக்கு மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே எடை குறையாமல் எப்படிச் சாப்பிடுவது என்று உணவு ஆலோசகர் சொல்லித் தருவார், விழுங்கக் கஷ்டம் தொடங்கினால் வயிற்றுக் குழாய் பற்றிச் சீக்கிரமே பேச வேண்டும், மூச்சு ரொம்பக் குறைந்த பிறகு அதை வைப்பது ஆபத்து. விரதத்தை அவருக்காக வேறு யாராவது இருக்கலாம். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எச்.ஐ.வி. பரிசோதனை எழுதித் தந்தால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பெரியம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார், "இந்த வயதில் அவரைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா" என்று. மோட்டார் நியூரான் நோய் இதுதான் என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது, அதைப் போலவே தோன்றுகிற, மருந்துக்குக் கேட்கிற நோய்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கத்தான் வேண்டும். எச்.ஐ.வி.யால் இதே போன்ற நிலை வந்து, அதற்கான மருந்தில் முன்னேறியவர்கள் இருக்கிறார்கள், எச்.ஐ.வி. பரவலாக இருக்கிற நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் இதைப் பார்க்காமல் விட்டால்தான் டாக்டர் மேல் தவறு. சிஃபிலிஸ், எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸ், தைராய்டு, வைட்டமின் பி12, ஜி.எம்.1 எதிர்ப்புப் புரதம் என்று எழுதித் தரும் பரிசோதனை எல்லாம் அதே காரணத்துக்காகத்தான்.

இப்போது அந்த நீல ஃபைலுக்குத் திரும்பி வருகிறேன். தம்பி காட்டிய அதே தாளில், கிரியாட்டினினுக்கு மேலே நாலு வரி தள்ளி, பைகார்பனேட் 33 என்று கூடுதலாக இருந்தது. குளோரைடு அதற்கேற்பக் குறைந்திருந்தது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இரவில் மூச்சுத் தசை சோர்ந்து கரியமில வாயு வெளியே போகாமல் தேங்கும்போது, உடம்பு அதைச் சமன்செய்யப் பைகார்பனேட்டைச் சேர்த்து வைக்கிறது. வேறு காரணமும் இருக்கலாம், சிறுநீரைக் கூட்டும் தண்ணீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் இப்படி வரும், ஆனால் காலையில் தலைவலி, பகலில் தூக்கம், மல்லாந்து படுக்க முடியாமல் சோபாவில் சாய்ந்து தூங்குவது இவற்றோடு சேர்ந்து வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய விரல் மெஷினில் 96 காட்டுகிறது என்று சமாதானம் ஆகாதீர்கள், அது ஆக்சிஜனைத்தான் காட்டும், கரியமில வாயுவைக் காட்டாது. ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் வாடகைக்கு எடுத்து வைப்பதும் இந்த நிலையில் கெடுதல் செய்யலாம். வேண்டியது முகமூடி வைத்து மூச்சைத் தள்ளிக்கொடுக்கும் பைபாப் மெஷின். இங்கிலாந்தில் நியூகாசிலில் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், பேச்சும் விழுங்குதலும் ரொம்பக் கெடாதவர்களுக்கு இதனால் நடுப்புள்ளி ஆயுள் (பாதிப் பேர் தாண்டுகிற காலம்) 205 நாள் கூடியது, தூக்கமும் தேறியது.

மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டுக்காரர்களோடு மூன்று வாரம் பேசி மெஷின் வந்தது, லோட்ஷெடிங் மின்வெட்டுக்காக அண்ணன் ஒரு பேட்டரியும் வாங்கி வைத்தார். முதல் இரண்டு இரவு பெரியப்பா முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். மூன்றாவது இரவு கட்டிலில், பெரியம்மா பக்கத்தில், விடியும் வரை படுத்துத் தூங்கினார்.