புதிய சிறு பிஸ்டலின் முதல் 200 தோட்டாக்கள்

மறைத்து அணிவதற்கென்றே செய்யப்படும் சிறு பிஸ்டல்கள் பெரிய பிஸ்டல்களைக் காட்டிலும் பிழை பொறுக்காதவை. சுடும்போது முன்பின் ஓடும் மேல் பாகமான ஸ்லைடின் எடை குறைவு, அது பின்னோக்கி ஓடும் தூரமும் குறைவு. ஆனால் சுடப்படும் தோட்டாவின் வேகம் ஏறத்தாழ பெரிய பிஸ்டலில் சுடப்படுவதன் வேகமேதான். அந்த உதைப்பைக் குறுகிய இடத்துக்குள் அடக்க வேண்டியிருப்பதால், ஸ்லைடை முன்னுக்குத் திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மிகவும் விறைப்பாக வைக்கிறார்கள். ஸ்லைடு வேகமாகப் போய் வேகமாகத் திரும்புகிறது. அந்தக் கண நேரத்துக்குள், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தியாக வேண்டும். ஸ்பிரிங்குகள் இன்னும் இறுக்கமாகவும், உலோக விளிம்புகள் கூர் மழுங்காமலும் இருக்கும் புதிய பிஸ்டலில் இந்தக் கணக்கு சில வேளைகளில் தவறுவது இயல்பு. கார் ஆர்ம்ஸ் நிறுவனம் 200 தோட்டாக்கள் சுட்டு முடிக்கும் வரை தன் பிஸ்டலைத் தற்காப்புக்கு நம்ப வேண்டாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அப்படி எழுதுவதில்லை என்றாலும், 200 என்பதை எந்தச் சிறு பிஸ்டலுக்கும் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளலாம்.

புதிய துப்பாக்கியை இப்படிச் சுட்டுப் பழக்குதல் என்றால் உலோகம் உலோகத்தோடு தேய்ந்து வழவழப்பாவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அது பாதிதான். இந்தத் துப்பாக்கி, இந்த மேகசின்கள், இந்த வகைத் தோட்டா, இந்தக் கை ஆகிய நான்கும் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொள்வதே இதன் பெரிய பயன். ஆகவே 200 தோட்டாக்களை விளையாட்டாகச் சுட்டுத் தீர்த்துவிடாமல், ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைப்பது நல்லது.

பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியை அப்படியே சுடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, சேம்பர் (தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரல் நுனியாலும் உறுதி செய்த பிறகு கையேட்டில் உள்ளபடி பிரிக்கவும். தொழிற்சாலையில் பூசும் எண்ணெய் பெரும்பாலும் துரு பிடிக்காமல் காப்பதற்காகத்தான். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எண்ணெய் இட வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: புதிய கிளாக் பிஸ்டல்களின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை இருக்கும். அதை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடுகிறார்கள். அப்படியே விட்டுவிடுமாறு அந்நிறுவனமே சொல்கிறது. குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே துணித் துணுக்கோ வேறு அடைப்போ இல்லை என்று பார்த்துக்கொள்ளவும்.

எங்கே எண்ணெய் இடுவது என்று குழம்பத் தேவையில்லை. பாகங்களைப் பூட்டி, ஸ்லைடை நாற்பது ஐம்பது முறை கையால் இழுத்து விட்டுவிட்டு மறுபடி பிரித்துப் பாருங்கள். ஸ்லைடு ஓடும் தடங்களிலும், குழலின் மேற்புறத்திலும், அதன் வாய்ப்பகுதியைச் சுற்றியும் கருமை நீங்கி மெல்லிய பளபளப்புக் கோடுகள் தெரியும். உராய்வு அங்கேதான் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு துளி போதும். தோட்டாவின் அடியில் அடிக்கும் ஊசியான ஸ்டிரைக்கர் ஓடும் துளைக்குள் மட்டும் எண்ணெய் விடக்கூடாது. அங்கே தேங்கும் எண்ணெய் புகைக்கரியோடு சேர்ந்து பிசினாகி, தோட்டாவின் அடியில் பொறி தரும் பிரைமரின் மேல் அடி மெதுவாக விழக் காரணமாகும்.

மேகசின்களுக்கும் இதே கவனம் தேவை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே தேவை. அடியில் 1, 2, 3 என்று அழியாத மையால் எண் எழுதுங்கள். கடைசித் தோட்டாவைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ள முடியாத அளவுக்குப் புதிய ஸ்பிரிங் விறைத்திருந்தால், முழுவதும் நிரப்பிப் பாதுகாப்பான இடத்தில் பூட்டி இரண்டு மூன்று நாள் வைத்தால் ஓரளவு இளகும். எண் எழுதும் வழக்கம் எனக்கு ஒரு தலைவலியால் வந்தது. ஒரு சிறு பிஸ்டல் பத்துப் பதினைந்து தோட்டாவுக்கு ஒரு முறை அடைத்துக்கொண்டே இருந்தது. எண்ணெயை மாற்றினேன், தோட்டா வகையை மாற்றினேன், பிடியை மாற்றினேன். கடைசியில் எண் எழுதிப் பார்த்தபோது, எல்லாத் தடங்கலும் இரண்டாம் மேகசினில் மட்டுமே நடந்திருந்தன. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் மேல் விளிம்பான உதடு ஒரு பக்கம் மயிரிழை அளவு வளைந்திருந்தது. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை.

சுடுதளத்தில் கண்ணாடியும் காதுக்காப்பும் அணிந்த பிறகு, முதல் முறை மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் இட்டுச் சுடவும். காலி உறை வெளியேறி ஸ்லைடு பின்னால் நின்றால் சரி. அடுத்து இரண்டு. ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கிறது என்பதை இதில் தெரிந்துகொள்ளலாம்; புதிய துப்பாக்கியில் இதை இரண்டே தோட்டாக்களோடு சோதிப்பதுதான் புத்திசாலித்தனம். அதன் பிறகு முழு மேகசின்களுக்குப் போகலாம். 9 மில்லிமீட்டர் பிஸ்டலானால், பழக்குவதற்கு முழு உலோக உறையிட்ட 124 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் அளவு) தோட்டாக்களையே நான் விரும்புவேன். மலிவான 115 கிரெய்ன் தோட்டாக்களில் சில மென்மையாகச் செய்யப்படுவதால், விறைப்பான புது ஸ்பிரிங்கை முழுத் தூரம் தள்ளப் போதாமல் போவதுண்டு.

தடங்கல் வந்தால் உடனே தட்டிச் சரிசெய்துவிடாமல், குழலின் முனையைக் குறியை நோக்கியே வைத்துக்கொண்டு, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். காலி உறை வெளியேறாமல் ஸ்லைடின் இடுக்கில் புகைபோக்கி போல நிமிர்ந்து நின்றால், முதலில் உங்கள் மணிக்கட்டைச் சந்தேகியுங்கள். ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போக, கையில் பிடிக்கும் பாகமான அடிச்சட்டம் அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். இரண்டே விரல் பிடிக்கும் குட்டைக் கைப்பிடியில் மணிக்கட்டு தளர்ந்தால், உதைப்பின் ஒரு பகுதி கையை நகர்த்துவதிலேயே வீணாகிறது. கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு திறந்து நிற்கவில்லை என்றால், உங்கள் கட்டை விரல் ஸ்லைடு நிறுத்தியின் மேல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். சிறு பிஸ்டல்களில் பாதிக்கு மேற்பட்ட புகார்கள் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். தோட்டாவின் மூக்கு சேம்பருக்குள் ஏறும் சரிவில் முட்டி நின்றால், அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து அதன் செம்பு மூக்கைப் பாருங்கள்: எந்த உயரத்தில் கீறல் விழுந்திருக்கிறதோ அது மேகசின் எவ்வளவு தூக்கிக் கொடுத்தது என்பதைக் காட்டிவிடும். ஸ்லைடு முழுவதும் மூடாமல் ஓர் இழை இடைவெளியோடு நிற்பது புதிய துப்பாக்கியின் இறுக்கத்தால் இருக்கலாம். நூறு தோட்டாவுக்குள் அது மறைந்துவிட வேண்டும்.

இரண்டு நிலைமைகளில் மட்டும் உடனே திறந்து பார்க்கவோ தொடர்ந்து சுடவோ கூடாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், முனையைக் குறியை நோக்கி வைத்து 30 வினாடி காத்திருக்கவும். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் அரிது, ஆனால் உண்டு. வழக்கமான ஓசைக்குப் பதிலாக ‘புஸ்’ என்ற மெல்லிய ஒலி கேட்டால், அத்தோடு நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, தோட்டா வகை, மேகசின் எண், எத்தனையாவது தோட்டாவில் என்ன நடந்தது. துல்லியத் துப்பாக்கிக்காரர்கள் செய்வதுபோல ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு முறை குழலைத் துடைக்கும் சடங்கு இங்கே தேவையில்லை. கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை, 100 தோட்டாவில் ஒரு முறை தடங்களுக்கு ஒரு துளி எண்ணெய் மட்டும் இட்டுத் தொடரலாம்.

இருநூறின் கடைசிப் பகுதியை, நீங்கள் உண்மையில் அணியப் போகும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவுக்கு ஒதுக்குங்கள். அதன் முனை தட்டையாகவும் குழிந்தும் இருப்பதால், உருண்ட முனைக்கு வழிவிட்ட சரிவு இதற்கும் வழிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விலை அதிகம்தான், ஆயினும் எல்லா மேகசின்களிலும் மாற்றி மாற்றிக் குறைந்தது 50 தோட்டாக்களாவது ஒரு தடங்கலும் இல்லாமல் போக வேண்டும். காரணம் தெரியாத தடங்கல் வந்தால், அதைச் சரிசெய்த பிறகு எண்ணிக்கையை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கவும். இருநூறைத் தாண்டியும், வேறு மேகசினோடும், பழக்கப்பட்ட இன்னொருவர் சுட்டும் அதே குறை வந்தால் துப்பாக்கியைச் செய்தவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். சரிவை நீங்களே மெருகேற்ற வேண்டாம். கோணம் சற்று மாறினாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

அணியத் தொடங்கிய பின் செய்யும் ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். தினமும் இரவில் இறக்கி, காலையில் அதே தோட்டாவை மறுபடி சேம்பரில் ஏற்றினால், சரிவில் மோதி மோதிக் குண்டு தன் உறைக்குள் சிறிது சிறிதாக அமிழும். உறைக்குள் இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் அபாயகரமாக உயரும். பலமுறை ஏற்றி இறக்கிய தோட்டாவைப் புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் விலக்கிவிடுங்கள்.

சுட்டு முடித்ததும் ஈயத் தூசி நீங்கக் கைகளைக் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டு, துப்பாக்கியை முழுவதுமாகப் பிரித்துத் துடைக்கவும். முன்குறியும் பின்குறியும் இடம் நகரவில்லை, திருகுகள் தளரவில்லை என்று சரிபார்க்கவும். நோட்டின் முதல் பக்கத்தில் ரீகாயில் ஸ்பிரிங்கை எத்தனையாவது தோட்டாவில் மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்லும் எண்ணை எழுதி வையுங்கள். சிறு பிஸ்டல்களில் அந்தத் தவணை பெரிய பிஸ்டல்களைவிட விரைவில் வந்துவிடும்.